ஒரே சர்வருக்குள் ஒரு ஃபயர்வால்: லினக்ஸ் ஹைப்பர்வைசரில் அமைத்தலும் பராமரித்தலும்

பாளையங்கோட்டையின் தணிக்கையாளர் அலுவலகமோ, தென்காசியின் மரக்கடையோ, அம்பாசமுத்திரத்து அரிசி ஆலையோ, திருநெல்வேலிச் சீமையில் எங்கே சென்று பார்த்தாலும் கணினி அமைப்பு ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது. இணைய நிறுவனம் இழுத்துக் கொடுத்த ஃபைபர் கம்பி சுவரோரம் ஒரு வெள்ளைப் பெட்டியில் வந்து முடிகிறது. அதிலிருந்து ஒரு சுவிட்ச், சுவிட்சிலிருந்து பத்துப் பதினைந்து கணினிகள், மூலையில் கணக்கும் கோப்புகளும் இருக்கும் ஒரு சர்வர். இணையத்துக்கும் அந்தச் சர்வருக்கும் இடையே காவலாக இருப்பது பெரும்பாலும் வெள்ளைப் பெட்டிக்குள் உள்ள எளிய வசதி மட்டுமே. இணையத்துக்கும் உள் வலைக்கும் இடையே போய்வரும் தரவை வடிகட்டும் ஃபயர்வால் கருவி ஒன்றைத் தனியாக வாங்கலாம். ஆனால் கருவியின் விலையோடு ஆண்டுச் சந்தாவும் சேரும்போது சிறிய நிறுவனங்கள் தயங்குகின்றன. அதே வேளையில், மூலையில் இருக்கும் சர்வரின் திறனில் பெரும்பகுதி பயன்படாமலே கிடக்கிறது. அந்தச் சர்வரில் லினக்ஸை நிறுவி, அதற்குள் ஃபயர்வாலை ஒரு மெய்நிகர் கணினியாக, அதாவது மென்பொருளாகவே இயங்கும் கணினியாக, ஓடவிடுவது எப்படி என்பதை, லினக்ஸ் கட்டளைகளை ஓரளவு அறிந்தவராகவும் மெய்நிகராக்கத்துக்குப் புதியவராகவும் உள்ள வாசகருக்கு இக்கட்டுரை விளக்குகிறது.

பெட்டி இல்லாத ஃபயர்வால்

கடையில் விற்கும் ஃபயர்வால் பெட்டியைத் திறந்தால் உள்ளே இருப்பது ஒரு சிறிய கணினிதான்: ஒரு செயலி, கொஞ்சம் நினைவகம், சில நெட்வொர்க் போர்ட்டுகள், இவற்றின்மேல் ஓடும் ஓர் இயங்குதளம். அந்த இயங்குதளத்தையும் ஃபயர்வால் மென்பொருளையும் சேர்த்து ஒரே வட்டுக் கோப்பாகவோ நிறுவல் கோப்பாகவோ கட்டி, இரும்புப் பெட்டி இல்லாமல் தருவதே மெய்நிகர் ஃபயர்வால் அப்ளையன்ஸ் எனப்படுகிறது. இதற்குள் நாம் வேறு எந்த மென்பொருளையும் நிறுவுவதில்லை. வேறு வேலை எதையும் இதன் தலையில் கட்டுவதில்லை. உலாவியில் திறக்கும் நிர்வாகப் பக்கத்தின் வழியாக அமைப்புகளை மாற்றுகிறோம், அவ்வளவுதான்.

ஃபோர்டினெட், பாலோ ஆல்டோ, ஜூனிப்பர், சிஸ்கோ ஆகிய நிறுவனங்கள் தம் ஃபயர்வால்களின் மெய்நிகர் பதிப்புகளை உரிமக் கட்டணத்துக்குத் தருகின்றன. கட்டணமின்றிக் கிடைப்பவற்றில் பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் ஆகிய இரண்டும் பரவலாகப் பயன்பாட்டில் உள்ளன. மோனோவால் என்ற பழைய திட்டத்திலிருந்து 2004-இல் பிஎஃப்சென்ஸ் கிளைத்தது. பிஎஃப்சென்ஸிலிருந்து 2015 ஜனவரியில் ஓபிஎன்சென்ஸ் கிளைத்தது. இரண்டும் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின்மேல் ஓடுகின்றன; இரண்டிலும் பாக்கெட்டுகளை, அதாவது வலையில் துண்டு துண்டாகச் செல்லும் தரவை, வடிகட்டுவது, 2001-இல் ஓபன்பிஎஸ்டியில் தோன்றிய பிஎஃப் என்னும் வடிகட்டி. இக்கட்டுரையின் எடுத்துக்காட்டுகளுக்கு ஓபிஎன்சென்ஸை எடுத்துக்கொள்கிறேன். ஹைப்பர்வைசர் பக்கம் சொல்லப்படுபவை எந்த அப்ளையன்ஸுக்கும் பொருந்தும். முதல் தடவை முயல்பவருக்குக் கடினமாக இருப்பதும் அந்தப் பக்கம்தான்.

ஒரு கணினியின் செயலியையும் நினைவகத்தையும் வட்டையும் பங்கிட்டு, ஒன்றையொன்று அறியாத பல கணினிகளாக ஓடவைக்கும் மென்பொருள் ஹைப்பர்வைசர். லினக்ஸில் அந்த வேலையைச் செய்வது கேவிஎம். இது 2007 பிப்ரவரியில் வெளியான 2.6.20 பதிப்பிலிருந்து லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இடம்பெற்றிருக்கிறது. கேவிஎம் இயங்க, செயலியில் இன்டெல் விடி-எக்ஸ் அல்லது ஏஎம்டி-வி வசதி வேண்டும். செயலியின் விவரங்களைக் காட்டும் சிபியுஇன்ஃபோ கோப்பில் 'விஎம்எக்ஸ்' அல்லது 'எஸ்விஎம்' என்ற சொல் தென்பட்டால் வசதி இருக்கிறது என்று பொருள். தென்படாவிட்டால், செயலி பழையது என்று முடிவுகட்டும் முன் பயாஸில் அது முடக்கி வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வட்டு, நெட்வொர்க் அட்டை, திரை முதலிய உறுப்புகளை மெய்நிகர் கணினிக்குப் போலியாகச் செய்து காட்டுவது கியூஇமு. இவ்விரண்டையும் ஒழுங்குபடுத்தி நமக்கு எளிய கட்டளைகளாகத் தருவது லிப்விர்ட்; அதன் கட்டளைக் கருவி விர்ஷ், சாளரக் கருவி விர்ட்-மேனேஜர். ஒவ்வொரு மெய்நிகர் கணினியும் லினக்ஸின் பார்வையில் ஒரு சாதாரண கியூஇமு புராசஸ் மட்டுமே என்பதை இங்கேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். புதுப்பித்தல் பற்றிப் பேசும்போது அது தேவைப்படும்.

விதிகளுக்கு முன் பாதை

ஃபயர்வால் என்றதும் எதை அனுமதிப்பது, எதை மறுப்பது என்ற விதிப்பட்டியலே எல்லோர் நினைவுக்கும் வருகிறது. மெய்நிகர் ஃபயர்வாலைப் பொறுத்தவரை விதிகள் இரண்டாவது வேலை. ஒவ்வொரு பாக்கெட்டும் ஃபயர்வாலைத் தொட்டுத்தான் போக வேண்டும், வேறு வழி இருக்கக் கூடாது என்பதை உறுதிசெய்வதே முதல் வேலை. பாளையங்கால்வாயின் தலைமடையில் பலகையை எத்தனை கணக்காக ஏற்றி இறக்கினாலும், சற்றுக் கீழே கரை உடைந்திருந்தால் தண்ணீர் பலகையின் சொற்படி கேட்காது. இரும்புப் பெட்டி ஃபயர்வாலில் கரை எங்கே உடைந்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிடலாம்: வெளியிலிருந்து வரும் கம்பி ஒரு போர்ட்டில் நுழைகிறது, உள்ளே செல்லும் கம்பி இன்னொரு போர்ட்டிலிருந்து கிளம்புகிறது. மெய்நிகர் ஃபயர்வாலில் அந்தக் கம்பிகளில் பாதி, ஹோஸ்ட் எனப்படும் லினக்ஸ் கணினிக்குள் மென்பொருளாக இருக்கிறது. ஓர் அமைப்புக் கோப்பில் ஒரு வரி தவறினால் ஃபயர்வாலைச் சுற்றிக்கொண்டு போகும் இரண்டாவது பாதை ஒன்று சத்தமில்லாமல் உருவாகிவிடும். ஃபயர்வாலின் நிர்வாகப் பக்கத்தில் அதற்கான அறிகுறி எதுவும் தெரியாது.

ஆகவே மெய்நிகர் கணினியை உருவாக்கும் முன், ஹோஸ்டில் பிரிட்ஜுகளை ஒழுங்காக அமைக்க வேண்டும். பிரிட்ஜ் என்பது லினக்ஸ் கெர்னலுக்குள் இருக்கும் மென்பொருள் சுவிட்ச். உண்மையான நெட்வொர்க் அட்டையையும் மெய்நிகர் கணினிகளின் நெட்வொர்க் அட்டைகளையும் அதில் செருகலாம். நமது எடுத்துக்காட்டு அலுவலகத்துக்கு இரண்டு பிரிட்ஜுகள் போதும். வெளிப் பிரிட்ஜில் ஃபைபர் பெட்டியிலிருந்து வரும் கம்பி செருகப்பட்ட நெட்வொர்க் அட்டையும் ஃபயர்வாலின் ஒரு முனையும் மட்டும் இருக்கும். உள் பிரிட்ஜில் அலுவலக சுவிட்சுக்குச் செல்லும் நெட்வொர்க் அட்டையும் ஃபயர்வாலின் மறுமுனையும் இருக்கும். இதற்குச் சர்வரில் இரண்டு நெட்வொர்க் போர்ட்டுகள் வேண்டும். ஒன்றே இருந்தால், 802.1கியூ விஎல்ஏஎன் தெரிந்த சுவிட்ச் ஒன்றை வைத்து ஒரே கம்பியில் இரு வலைகளையும் பிரித்து அனுப்ப இயலும். ஆனால் தொடக்கநிலையில் உள்ளவர் இரண்டாவது நெட்வொர்க் அட்டை ஒன்றை வாங்கிப் பொருத்துவதே நல்லது. குழப்பம் பாதியாகக் குறையும்.

இங்கே மிக முக்கியமான விதி ஒன்று உண்டு: வெளிப் பிரிட்ஜில் ஹோஸ்டுக்கு எந்த ஐபி முகவரியும் இருக்கக் கூடாது. இருந்தால், இணையத்திலிருந்து வருபவர் ஃபயர்வாலைத் தொடாமலே ஹோஸ்டின் கதவைத் தட்டலாம். ஹோஸ்ட் கைக்குக் கிடைத்தவருக்கு அதனுள் இருக்கும் ஃபயர்வால் ஒரு கோப்பு மட்டுமே. ஐபிவி4 முகவரியைக் கொடுக்காமல் விடுவது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆனால் ஐபிவி6 அப்படியன்று. லினக்ஸ் தன் ஒவ்வொரு இடைமுகத்துக்கும் தானாகவே ஓர் உள்ளிணைப்பு முகவரியை எடுத்துக்கொள்ளும். ஃபைபர் பெட்டி ஐபிவி6 அறிவிப்புகளை அனுப்பினால், அதைக் கேட்டு இணையத்திலிருந்து எட்டக்கூடிய முகவரி ஒன்றையும் தானே அமைத்துக்கொள்ளக்கூடும். நம் ஊரில் ஃபைபர் இணைப்புகள் ஐபிவி6 உடன் வருவது இப்போது வழக்கமாகிவிட்டதால், இது ஏட்டுச் சுரைக்காய் எச்சரிக்கை அன்று. நெட்வொர்க் மேனேஜர் பயன்படுத்துபவர்கள் வெளிப் பிரிட்ஜுக்கு ஐபிவி4, ஐபிவி6 இரண்டின் முறையையும் 'டிஸேபிள்ட்' என்று வைக்க வேண்டும். நெட்பிளான் பயன்படுத்துபவர்கள் முகவரியைத் தானாகப் பெறும் டிஎச்சிபியை அணைத்து, 'லிங்க்-லோக்கல்' என்ற வரியை வெற்றுப் பட்டியலாக விட வேண்டும். பிறகு முகவரிகளைக் காட்டும் கட்டளையை இட்டு, வெளிப் பிரிட்ஜின் கீழும் அதில் செருகிய நெட்வொர்க் அட்டையின் கீழும் எந்த முகவரியும் இல்லை என்பதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

உள் பிரிட்ஜில் மட்டும் ஹோஸ்டுக்கு ஒரு நிலையான முகவரி கொடுங்கள். டிஎச்சிபி வழியாகப் பெற வேண்டாம், ஏனெனில் முகவரி வழங்கும் டிஎச்சிபி சேவை ஃபயர்வாலுக்குள்தான் ஓடப்போகிறது. ஃபயர்வால் எழாத ஒரு காலைப்பொழுதில் ஹோஸ்டுக்கு முகவரியே இல்லையென்றால், அதை எழுப்புவதற்கு விசைப்பலகையும் திரையும் தூக்கிக்கொண்டு சர்வர் இருக்கும் மூலைக்கு நடக்க வேண்டியிருக்கும். ஹோஸ்டின் முகவரியை ஒரு தாளில் எழுதிச் சர்வரின் மேலேயே ஒட்டிவைப்பது பழைய பாணிதான். ஆனால் அவசரத்தில் உதவுவது அதுவே.

இன்னும் இரண்டு கண்ணிகளைச் சொல்லிவிடுகிறேன். லிப்விர்டை நிறுவியதும் அது தானாகவே 192.168.122.0/24 என்ற வலையுடன் ஒரு பிரிட்ஜை உருவாக்கி, ஹோஸ்டே முகவரி மாற்றம் செய்து இணையத்துக்கு அனுப்பும்படி வைத்திருக்கும். சோதனைக்கு அது வசதியானது. ஆனால் அலுவலகத்தின் மற்ற மெய்நிகர் கணினிகள் அந்த வலையில் இருந்தால், அவற்றின் போக்குவரத்துக்கு ஹோஸ்டே வாசலாகிவிடும். அவை உள் பிரிட்ஜுக்கு மாற்றப்பட வேண்டும். தேவையில்லையெனில் அந்த இயல்பு வலையை நிறுத்தி, தானாகத் தொடங்கும் அமைப்பையும் நீக்கிவிடுவது நலம். இரண்டாவது கண்ணி, மென்பொருள்களைத் தனித்தனிப் பொதிகளாக ஓட்டும் டாக்கர். டாக்கர் ஓடும் ஹோஸ்டில் பிஆர்-நெட்ஃபில்டர் என்ற கெர்னல் பகுதி ஏற்றப்பட்டிருந்தால், பிரிட்ஜுக்குள் கடந்து செல்லும் பாக்கெட்டுகளும், ஹோஸ்டின் சொந்த வடிகட்டியான ஐபிடேபிள்ஸின் விதிகளுக்கு உட்படும். டாக்கர் அந்த விதிகளின் இயல்பு முடிவை மறுப்பாக மாற்றியிருப்பதால் அவை அங்கேயே கைவிடப்படும். ஹோஸ்டிலிருந்து எல்லாம் சரியாகத் தெரியும், ஆனால் அலுவலகக் கணினிகளிலிருந்து ஃபயர்வாலை எட்ட முடியாது. காரணம் புரியாமல் பலர் மணிக்கணக்கில் விதிகளைத் திருத்திக்கொண்டிருப்பார்கள். பிரிட்ஜ் போக்குவரத்தை ஐபிடேபிள்ஸுக்கு அனுப்பும் கெர்னல் அமைப்பைச் சுழியமாக்கினால் இது தீரும். ஆனால் ஃபயர்வால் ஓடும் ஹோஸ்டில் டாக்கரை நேரடியாக ஓட்டாமல், அதற்கென ஒரு மெய்நிகர் கணினியை ஒதுக்குவதே சரியான ஏற்பாடு என்பது என் கருத்து.

மெய்நிகர் அமைப்பின் உண்மையான ஆதாயமும் பிரிட்ஜிலேயே இருக்கிறது. எந்த உண்மையான நெட்வொர்க் அட்டையும் செருகப்படாத மூன்றாவது பிரிட்ஜ் ஒன்றை உருவாக்கி, கணக்கு மென்பொருள் ஓடும் மெய்நிகர் கணினியை அதில் மட்டும் இணைத்து, ஃபயர்வாலுக்கும் அதில் ஒரு முனை கொடுத்தால், ஊழியர்களின் கணினிகள் கணக்குச் சர்வரை எட்டுவதற்கும் ஃபயர்வாலைக் கடந்தே ஆக வேண்டும். ஒரு ஊழியரின் கணினியில் மின்னஞ்சல் வழியாகத் தீநிரல் நுழைந்தாலும், கணக்கு மென்பொருளுக்குத் தேவையான ஒரு போர்ட்டை (இங்கே கம்பி செருகும் துளையன்று, ஒரு சேவைக்கான எண்) தவிர வேறெதையும் அதனால் தொட முடியாது. இரும்புப் பெட்டியில் இதே பிரிவைச் செய்ய இன்னொரு போர்ட்டும் இன்னொரு சுவிட்சும் வேண்டியிருக்கும். இங்கே ஒரு பைசாச் செலவில்லை.

மெய்நிகர் கணினியை உருவாக்குதல்

பாதைகள் தயாரான பிறகு மீதி வேலை விரைவாக நடக்கும். ஓபிஎன்சென்ஸின் தளத்தில் பல வடிவங்களில் நிறுவல் கோப்புகள் உள்ளன. மெய்நிகர் கணினிக்கு டிவிடி வடிவம் ஏற்றது. அது சுருக்கப்பட்ட கோப்பாக வருவதால், விரித்த பின்பே பயன்படுத்த முடியும். கூடவே தரப்பட்டிருக்கும், கோப்பின் கைரேகை போன்ற ஷா256 மதிப்போடு நீங்கள் இறக்கிய கோப்பின் மதிப்பை ஒப்பிட்டுப் பாருங்கள். காவலுக்கு வைக்கும் மென்பொருளையே சரிபார்க்காமல் வைப்பதில் பொருளில்லை.

விர்ட்-மேனேஜரிலோ விர்ட்-இன்ஸ்டால் கட்டளையிலோ மெய்நிகர் கணினியை வரையறுக்கும்போது, இருபது பேர் உள்ள ஓர் அலுவலகத்துக்கு இரண்டு செயலிகளும் 4 ஜிபி நினைவகமும் 20 முதல் 40 ஜிபி வட்டும் தாராளம். ஊடுருவல் கண்டறியும் வசதியை இயக்க எண்ணினால் நினைவகத்தை இரட்டிப்பாக்குங்கள். செயலி வகையை 'ஹோஸ்ட்-பாஸ்த்ரூ' என்று கொடுத்தால் சர்வரின் செயலியில் உள்ள ஏஇஎஸ் குறியாக்க வசதி ஃபயர்வாலுக்கும் கிடைக்கும். கிளை அலுவலகங்களை விபிஎன் என்னும் குறியாக்கம் செய்த இணைய வழித்தடத்தின் மூலம் இணைப்பவர்களுக்கு அதன் பயன் உடனே தெரியும். வட்டுக்கும் நெட்வொர்க்குக்கும் வர்ட்ஐஓ வகையைத் தேர்ந்தெடுங்கள். உண்மையான ஒரு நெட்வொர்க் அட்டையைப் போல நடிப்பதற்குப் பதிலாக, தான் மெய்நிகர் கணினிக்குள் இருப்பதை அறிந்த டிரைவர் ஹைப்பர்வைசருடன் நேரடியாகப் பேசுவதால், வர்ட்ஐஓவில் வீண் சுமை குறைகிறது. நெட்வொர்க் அட்டையையே முழுவதுமாக மெய்நிகர் கணினியிடம் ஒப்படைக்கும் பிசிஐ பாஸ்த்ரூ முறையும் உண்டு. ஒரு சாதாரண அலுவலக ஃபைபர் இணைப்புக்கு அது தேவையில்லை. மெய்நிகர் கணினி பழைய பயாஸுக்குப் பதிலான யுஇஎஃப்ஐ முறையில் தொடங்குமாறு அமைத்தால், கையொப்பமிட்ட நிரலை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட்டை அணைத்துவிடுங்கள். இல்லையெனில் நிறுவல் கோப்பு தொடங்கவே செய்யாது.

நெட்வொர்க் முனைகளைச் சேர்க்கும்போது எது எந்தப் பிரிட்ஜில் இருக்கிறது என்பதை, ஒவ்வொரு நெட்வொர்க் அட்டைக்கும் உரிய அடையாள எண்ணான மேக் முகவரியுடன் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஃபயர்வாலுக்குள் அவை 'விடிநெட்0', 'விடிநெட்1' என்ற பெயர்களில் தோன்றும். எது வெளி, எது உள் என்று பெயரைப் பார்த்து ஊகிக்கக் கூடாது. பின்னாளில் மூன்றாவது முனையைச் சேர்க்கும்போது வரிசை மாறினாலும், மேக் முகவரி உங்களைக் காப்பாற்றும். 'விர்ஷ் டொம்இஃப்லிஸ்ட்' என்ற கட்டளை ஒவ்வொரு முனையின் பிரிட்ஜையும் மேக் முகவரியையும் ஒரே பட்டியலில் காட்டிவிடும்.

நிறுவல் கோப்பிலிருந்து தொடங்கியதும் ஓபிஎன்சென்ஸ் வட்டில் எதையும் எழுதாமலே இயங்கத் தொடங்கும். 'இன்ஸ்டாலர்' என்ற பயனர் பெயரில் நுழைந்தால் நிறுவல் நடக்கும். கோப்பு முறைமையாக யுஎஃப்எஸ், இசட்எஃப்எஸ் இரண்டையும் காட்டும். மின்சாரம் சொல்லாமல் நின்றுபோகும் ஊர்களில் இசட்எஃப்எஸ் சேதமின்றி எழும் வாய்ப்பு அதிகம் என்பதால் அதையே எடுங்கள். ரூட் கடவுச்சொல்லை நிறுவும்போதே மாற்றிவிட வேண்டும், ஏனெனில் இயல்பாக வரும் கடவுச்சொல் உலகுக்கே தெரிந்தது.

முதல் இணைப்பில் வரும் சிக்கல்கள்

ஃபயர்வாலின் உட்புற முகவரி இயல்பாக 192.168.1.1 என்று இருக்கும். இணைய நிறுவனங்கள் தரும் ஃபைபர் பெட்டிகளில் பலவும் அதே 192.168.1.1 என்ற முகவரியுடன்தான் வருகின்றன. அப்படியானால் ஃபயர்வாலின் வெளிப்புறமும் உட்புறமும் ஒரே வலையாகிவிடும். எந்தப் பாக்கெட்டை எந்தப் பக்கம் அனுப்புவது என்று அதற்குத் தெரியாது. முதல் தடவை அமைப்பவர் சந்திக்கும் முட்டுக்கட்டைகளில் இதுவே மிகப் பொதுவானது. நிறுவியவுடன் கன்சோலிலேயே உட்புற முகவரியை 10.20.30.1/24 போன்ற வேறொரு தனியார் வலைக்கு மாற்றிவிடுங்கள். 10-இல் தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை உள்ளவை, 192.168-இல் தொடங்குபவை ஆகிய மூன்று தொகுதிகளும் இத்தகைய உள் வலைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டவை.

இதைவிட மேலான வழி, ஃபைபர் பெட்டியைப் பிரிட்ஜ் முறைக்கு மாற்றித் தருமாறு இணைய நிறுவனத்திடம் கேட்பது. அப்போது பெட்டி வெறும் ஒளிக்கம்பி மாற்றியாக மட்டும் நிற்கும். இணைப்புக்கான பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ஃபயர்வாலுக்குள் பிபிபிஓஇ அமைப்பில் இடப்படும். பிபிபிஓஇ ஒவ்வொரு பாக்கெட்டிலும் 8 பைட்டுகளை எடுத்துக்கொள்வதால் ஒரு பாக்கெட்டின் உச்ச அளவான எம்டியு 1500-க்குப் பதிலாக 1492 ஆகும். சில தளங்கள் மட்டும் பாதியில் நின்றுவிடுகின்றன என்ற புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான். வெளிப்புற முகவரி 100.64 முதல் 100.127 வரையான தொகுதியில் வந்தால், நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது என்று பொருள். வெளியிலிருந்து அலுவலகத்துக்கு விபிஎன் வழியே நுழைய விரும்புபவர் நிலையான பொது முகவரியைத் தனியாகக் கேட்டுப் பெற வேண்டும்.

இன்னொரு சிக்கல் வர்ட்ஐஓவுக்கே உரியது. ஒரே ஹோஸ்டுக்குள் இருக்கும் மெய்நிகர் கணினிகளுக்கு இடையே பாக்கெட்டுகள் உண்மையான கம்பியைத் தொடாததால், சரிபார்ப்புக் கூட்டுத்தொகையைக் கணக்கிடும் வேலையை லினக்ஸ் தள்ளிப்போட்டுவிடும். ஃபயர்வாலோ அது முன்பே சரிபார்க்கப்பட்டது என்று நம்பி அடுத்த முனைக்கு அனுப்ப, பெறுபவர் அதைப் பழுதானதாகக் கருதித் தள்ளிவிடுவார். பிங் போகும், வலைப்பக்கம் மட்டும் திறக்காது. ஃபயர்வாலின் இடைமுக அமைப்புகளில் வன்பொருள் கூட்டுத்தொகையை அணைக்கும் பெட்டி உள்ளது. கேவிஎம்மில் அதைக் குறியிட்டு வைக்க வேண்டும்.

விதிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். வெளியிலிருந்து தானாக வரும் எதையும் ஃபயர்வால் இயல்பாகவே மறுக்கும். உள்ளிருந்து கிளம்பிய இணைப்புக்கு வரும் பதிலை, இணைப்பின் நிலையை நினைவில் வைத்திருப்பதால், தனி விதியின்றி அனுமதிக்கும். இடைமுகத்தின் விதிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்பட்டு, முதலில் பொருந்துவதே முடிவாகும். ஆகவே குறுகிய விதி மேலேயும் பொதுவான விதி கீழேயும் இருக்க வேண்டும். எக்காரணம் கொண்டும் நிர்வாகப் பக்கத்தையோ ஹோஸ்டின் எஸ்எஸ்எச் சேவையையோ வெளிப்புறத்துக்குத் திறந்துவிட வேண்டாம். வீட்டிலிருந்து நிர்வகிக்க வேண்டுமானால் விபிஎன் வழியே வாருங்கள்.

மின்தடை, வெள்ளம், புதுப்பித்தல்

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் நிறுத்தப்படும் மின்சாரம் பிற்பகலில் திரும்பி வரும் ஊரில், சர்வர் மனித உதவியின்றி எழுந்து நிற்க வேண்டும். பயாஸில் மின்சாரம் வந்ததும் தானாகத் தொடங்கும் அமைப்பையும், 'விர்ஷ் ஆட்டோஸ்டார்ட்' கட்டளையால் ஃபயர்வாலையும் தயார்செய்யுங்கள். நிறுத்தும் பக்கமும் அதே அளவு முக்கியம். லிப்விர்ட்-கெஸ்ட்ஸ் என்ற சேவை, ஹோஸ்ட் அணையும்போது மெய்நிகர் கணினிகளை என்ன செய்வது என்று தீர்மானிக்கிறது. அவற்றின் நினைவகத்தை வட்டில் சேமித்து உறங்கவைக்கும் வழியும் அதில் உண்டு, ஆனால் ஃபயர்வாலுக்கு அது பொருந்தாது: விழித்தெழும்போது கடிகாரம் பின்தங்கியிருக்கும், நினைவில் இருக்கும் இணைப்புகள் எல்லாம் இறந்துபோனவையாக இருக்கும். முறையாக அணைக்கும் வழியையே தேர்ந்தெடுங்கள். 'விர்ஷ் ஷட்டவுன்' முறையாக அணைக்கச் சொல்லும் கட்டளை. 'விர்ஷ் டெஸ்ட்ராய்' மெய்நிகர் கணினியை அழிக்காது. அதன் மின்சாரத்தைப் பிடுங்குவதற்குச் சமம். பெயரைக் கண்டு அஞ்சவும் வேண்டாம், அவசரத்துக்கு அதையே பழக்கமாக்கிக்கொள்ளவும் வேண்டாம்.

ஃபயர்வால் நின்றிருக்கும்போது ஹோஸ்டுக்கும் இணையம் இருக்காது என்பதைத் திட்டமிடும்போதே எண்ணிப் பார்க்க வேண்டும். மீட்பதற்குத் தேவையான நிறுவல் கோப்பு அந்த நேரத்தில் இணையத்திலிருந்து வராது. ஹோஸ்டின் வட்டில் முன்பே இருக்க வேண்டும். ஃபயர்வாலின் எல்லா அமைப்புகளும் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பில் அடங்குகின்றன என்பது பெரிய வசதி. அந்தக் கோப்பும் நிறுவல் கோப்பும் கையில் இருந்தால், வேறொரு கணினியில் சிறிது நேரத்தில் அதே ஃபயர்வாலை எழுப்பிவிடலாம். முனைகளின் பெயர் மாறினால் மட்டும் மறுபடி பொருத்த வேண்டியிருக்கும். விபிஎன் சாவிகளும் அதற்குள் இருப்பதால், குறியாக்கம் செய்தே பதிவிறக்குங்கள்.

மாற்றம் செய்யும் முன், மெய்நிகர் கணினியின் அப்போதைய நிலையைப் பதிவுசெய்யும் ஸ்னாப்ஷாட் எடுப்பது நல்ல பழக்கம். கியூகவ்2 வடிவ வட்டுக் கோப்பில் அது நொடிகளில் முடிந்துவிடும். மாற்றம் கெட்டுப்போனால் பழைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால் அது அதே வட்டில் இருப்பதால் காப்புப் பிரதி ஆகாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானதும், தாமிரபரணி கரைபுரண்டு திருநெல்வேலி சந்திப்புப் பகுதிக்குள்ளும் கைலாசபுரத்துக்குள்ளும் புகுந்ததும் யாருக்கும் மறந்திருக்காது. தரைத்தளத்தில் சர்வர் வைத்திருப்பவர் அதை மேல்தளத்துக்கு மாற்றுவதும், அமைப்புக் கோப்பின் ஒரு பிரதியை ஆற்றங்கரையை விட்டுத் தள்ளிய வேறிடத்தில் வைப்பதும் தொழில்நுட்பக் குறிப்பின் ஒரு பகுதியாகவே கருதப்பட வேண்டும்.

புதுப்பிக்க வேண்டியவை இரண்டு: ஃபயர்வாலும் ஹோஸ்டும். ஓபிஎன்சென்ஸ் ஆண்டுக்கு இரண்டு பெரிய பதிப்புகளை, ஜனவரியிலும் ஜூலையிலும், வெளியிடுகிறது. பதிப்பு எண்ணிலேயே ஆண்டும் மாதமும் தெரியும். இடையில் சிறு திருத்தங்கள் வந்துகொண்டே இருக்கும். இவற்றை நிர்வாகப் பக்கத்திலேயே செய்துவிடலாம் என்பதால் பெரும்பாலோர் மறப்பதில்லை. மறக்கப்படுவது ஹோஸ்ட். 2015 மே மாதத்தில் வெளியான வெனம் என்ற குறைபாடு, கியூஇமு போலியாகச் செய்து காட்டும் ஃபிளாப்பி கருவியில் இருந்தது. யாருமே பயன்படுத்தாத அந்த உறுப்பின் வழியாக, ஒரு மெய்நிகர் கணினிக்குள் முழு அதிகாரம் பெற்றவர் அதிலிருந்து வெளியேறி ஹோஸ்டில் நிரல்களை ஓட்டும் வாய்ப்பு இருந்தது. அத்தகைய குறைபாட்டுக்கான திருத்தத்தை ஹோஸ்டில் நிறுவுவதோடு வேலை முடிவதில்லை. மெய்நிகர் கணினி ஒரு கியூஇமு புராசஸ் என்று முன்பு சொன்னேன் அல்லவா? ஓடிக்கொண்டிருக்கும் புராசஸ் பழைய நிரலையே நினைவகத்தில் வைத்திருக்கும். ஃபயர்வாலின் நிர்வாகப் பக்கத்தில் 'ரீபூட்' அழுத்தினால் பொதுவாக அதே புராசஸுக்குள்தான் இயங்குதளம் மீண்டும் எழும். 'விர்ஷ் ஷட்டவுன்' கொடுத்து முழுவதும் அணைத்து, பிறகு 'விர்ஷ் ஸ்டார்ட்' கொடுத்தால்தான் புதிய கியூஇமு வேலைக்கு வரும். தேவையற்ற ஃபிளாப்பி, ஒலி அட்டை, யுஎஸ்பி முதலிய உறுப்புகளை மெய்நிகர் கணினியின் வரையறையிலிருந்து நீக்கிவிடுவதும் பயனுள்ளது.

சோதித்தல்

எல்லாம் முடிந்த பிறகு, அலுவலகத்தின் வைஃபையை விட்டுக் கைபேசித் தரவுக்கு மாறிய ஒரு மடிக்கணினியிலிருந்து, அலுவலகத்தின் பொது முகவரியை, திறந்திருக்கும் போர்ட்டுகளைத் தேடும் என்மேப் கருவியால் ஐபிவி4, ஐபிவி6 இரண்டிலும் துழாவிப் பாருங்கள். நீங்கள் தெரிந்தே திறந்த விபிஎன் போர்ட்டைத் தவிர வேறு எதுவும் பதில் தரக் கூடாது.

அதைவிட எளியதும், என் மதிப்பில் அதைவிடச் சிறந்ததுமான சோதனை இன்னொன்று உண்டு. வேலை நேரம் முடிந்ததும் ஃபயர்வாலை முழுவதுமாக நிறுத்திவிட்டு, அலுவலகத்தின் ஒவ்வொரு கணினியிலும், ஒவ்வொரு மெய்நிகர் கணினியிலும், பில் போடும் கருவியிலும், கண்காணிப்புக் கேமராப் பெட்டியிலும் இணையம் வருகிறதா என்று பாருங்கள். எங்கேயாவது வந்தால், அந்தக் கருவி இத்தனை நாளும் ஃபயர்வாலைத் தொடாமல் போய்வந்திருக்கிறது. பெரும்பாலான இடங்களில் காரணம், யாரும் அணைக்காமல் விட்ட ஃபைபர் பெட்டியின் சொந்த வைஃபையாகவோ, அதன் காலியான போர்ட்டில் யாரோ வசதிக்காகச் செருகிய கம்பியாகவோ இருக்கும். வைஃபையை அணைத்து, அந்தக் கம்பியைப் பிடுங்கி அலுவலக சுவிட்சில் செருகுங்கள். மெய்நிகர் கணினியில் இணையம் வந்தால், அது வெளிப் பிரிட்ஜில் இருக்கிறது, அல்லது லிப்விர்டின் இயல்பு வலையில் இருந்துகொண்டு, ஃபயர்வாலைத் தொடாத வேறு பாதை உள்ள ஹோஸ்டின் வழியே போகிறது. 'விர்ஷ் டொம்இஃப்லிஸ்ட்' அதைக் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு மறுபடியும் முதலிலிருந்து சோதித்து, எங்கும் இணையம் வரவில்லை என்று கண்ட பிறகே ஃபயர்வாலைத் தொடங்குங்கள்.